சேற்றுக்கு அளவெடுத்தவள்

அன்றைக்கு டயர்க்காரர் யார் முகத்தில் விழித்தாரோ தெரியவில்லை. ஷட்டரைத் தூக்கி, முதல் டீயில் பாதிகூடக் குடிக்கவில்லை, டேப்பக்கா வந்து இறங்கிவிட்டாள்.

"தம்பி, என் வண்டி டயர்ல 215/75 ஆர் 15னு எழுதியிருக்கே, அதுக்கு என்ன அர்த்தம்?"

கடைக்கு வருகிறவர்கள் விலை கேட்பார்கள், எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்பார்கள். அர்த்தம் கேட்டு வந்தவர் இருபது வருஷத்தில் ஒருத்தரும் இல்லை. மனுஷன் குஷியாகி வாயைக் கொடுத்தார், வசமாக மாட்டிக்கொண்டார்.

"215ங்கறது டயரோட அகலம்க்கா. மில்லிமீட்டர்ல."

"சரி. 75?"

"பக்கச் சுவரோட உயரம். அகலத்துல நூத்துக்கு எழுபத்தஞ்சு பங்கு."

"15?"

"உள்ள இருக்கற ரிம்மோட விட்டம். அது இஞ்ச்."

டேப்பக்கா இடுப்பில் கைவைத்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். "ஒரே உருப்படிக்கு மில்லிமீட்டர் ஒன்னு, நூத்துக்கு இத்தனைன்னு ஒன்னு, இஞ்ச் ஒன்னா? எந்தப் புண்ணியவான் எடுத்த அளவு இது? ஒரு சட்டைக்கு நான் இப்படி எழுதி வச்சேன்னு வைங்க, அப்புறம் அதைப் பார்த்து எனக்கே வெட்ட வராது."

அவள் தையல்காரி. ஐம்பத்து நாலு வயது. கடைக்குப் போனாலும் கண்ணாலத்துக்குப் போனாலும் கழுத்தில் தையல் டேப் தொங்கும், அதனால் அந்தப் பெயர். வாயைத் திறந்தால் கேள்வி. பிளம்பர் குழாய் மாட்ட வந்தால், தண்ணீர் மேல்மாடிக்கு எப்படி ஏறுகிறது என்று கேட்டு, அவர் படம் போட்டுக் காட்டும்வரை விடமாட்டாள். வம்புக்குக் கேட்கிறவள் இல்லை, தெரியாத ஒன்றைத் தெரியாமல் விட அவளால் முடியாது, அவ்வளவுதான். இந்த முறை அவள் கேட்டதற்கெல்லாம் பின்னால் ஒரு பெரிய விஷயம் இருந்தது. அவள் வீட்டில் இருப்பதா, வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புவதா என்பது இந்த டயரில்தான் இருந்தது.

விஷயம் இதுதான். அவள் வீட்டுக்காரர் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய இரண்டு கிட்னியும் கையை விரித்துவிட்டன. வாரத்துக்கு இரண்டு நாள் டவுன் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். மனுஷனால் இனி ஸ்டீயரிங் பிடிக்க முடியாது என்று ஆனதும், டேப்பக்கா ஐம்பத்து மூணு வயதில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். பழைய ஜீப். நாலு சக்கரமும் இழுக்கும் வகை. அதை வைத்துத்தான் போக்குவரத்து.

டவுன் பதினெட்டு கிலோமீட்டர். அதில் பதினேழரை தார் ரோடு, வழவழவென்று போய்விடலாம். வீட்டிலிருந்து தார் ரோட்டு முனைவரை இருக்கிற அந்த அரை கிலோமீட்டர் மண் ரோடுதான் எமன். வெயில் காலத்தில் பரம சாது. மழை பெய்தால் குழைத்த மாவு. போன வருஷம் மழையில் ஜீப் நட்டநடுவில் மாட்டிக்கொண்டது. ஆள் தேடி, டிராக்டர் தேடி, வண்டியை இழுத்து வெளியே போடுவதற்குள் நாலு மணி நேரம். அதுவரை அவர் பின் சீட்டில் கால் வீங்கி, மூச்சு இரைக்க உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவளைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினாள். டேப்பக்காவுக்கு அந்த நாலு மணி நேரம் இன்றைக்கும் நெஞ்சை அடைக்கும்.

மகன் டவுனில் இருக்கிறான். அவனும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். போன வாரம் வந்து தீர்மானமாகச் சொல்லிவிட்டான்.

"அம்மா, இந்த வருஷம் விளையாட முடியாது. முதல் பெரிய மழை பெய்யட்டும். ஆஸ்பத்திரி இல்லாத நாளாப் பார்த்து, நான் தார் ரோட்டு முனையில வந்து நிக்கறேன். யார் உதவியும் இல்லாம நீ வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திட்டா, இங்கேயே இருங்க, நான் வாயே திறக்கல. மாட்டிக்கிச்சுன்னா அன்னைக்கே வீட்டைப் பூட்டிட்டு என்கூட கிளம்பணும். சரியா?"

"சரிடா. பெரிய மனுஷன் சொல்லிட்டான்" என்றாள் டேப்பக்கா. சொன்னாளே தவிர அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. அந்த வீட்டின் ஒவ்வொரு செங்கலும் அவள் தைத்த துணியில் வந்தது. முன்னறையில் மெஷின் சத்தம் கேட்டால் எதிர்வீட்டுக்காரி கதவைத் தட்டாமலே உள்ளே வருவாள். அதை விட்டுவிட்டு எங்கே போவது?

சரி, வண்டி ஏன் மாட்டியது? அதைத்தான் அவள் தோண்ட ஆரம்பித்தாள்.

டயர்க்காரருக்கு அதில் சந்தேகமே இல்லை. "அக்கா, உங்க டயர் பல்லு தேய்ஞ்சு மொட்டையாயிடுச்சு. உயரமும் பத்தாது. பேசாம இதைப் போடுங்க." அவர் உருட்டிக்கொண்டு வந்தது ஒரு ராட்சச டயர். பத்தரை இஞ்ச் அகலம், முப்பத்தோரு இஞ்ச் உயரம். "சேறுன்னா எல்லாரும் இதுதான் போடறாங்க. பார்க்கவே கெத்தா இருக்கும்."

"கெத்தை வச்சு நான் என்ன பண்ண? இது ஏன் மாட்டாது, அதைச் சொல்லுங்க."

"அகலம்க்கா. சேத்துல முங்காது. மேலயே மிதந்து போயிடும்."

ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் தலையை வெளியே நீட்டினார். "அதையே போடு. குண்டு டயர்தான் சரி. முப்பது வருஷம் ஓட்டினவன் சொல்றேன்."

இதற்கு மேல் என்ன வேண்டும்? வேறு யாராக இருந்தாலும் மாட்டச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். டேப்பக்காவுக்கு மட்டும் ஒரு வார்த்தை தொண்டையில் முள்ளாக நின்றது. மிதக்குமாம். மிதக்கிற வண்டியின் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அது எதைப் பிடித்துக்கொண்டு திரும்பும்?

"ரெண்டு நாள் கழிச்சு வரேன் தம்பி" என்று கிளம்பிவிட்டாள். வீட்டுக்காரர் வழி முழுக்க உம்மென்று வந்தார்.

அவள் நேரம், மறுநாளே ஒரு அரை மணி மழை அடித்தது. மண் ரோடு நொசநொசவென்று ஆனது. டேப்பக்கா திரைச்சீலை மாட்டும் இரும்புக் கம்பியைக் கழற்றி எடுத்தாள். தையல் சாக்பீஸால் அதில் அங்குலத்துக்கு அங்குலம் கோடு போட்டாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரோட்டில் இறங்கிவிட்டாள்.

பத்து எட்டுக்கு ஒரு குத்து. கம்பி எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பாள், பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதுவாள், அடுத்த பத்து எட்டு. எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

"என்ன டேப்பக்கா, ரோட்டுக்கு ஊசி போடறீங்களா?"

"ரோட்டுக்கு அளவெடுக்கறேன். அதுக்கும் ஒரு ஜாக்கெட் தைக்கலாம்னு!"

சிரித்தாளே தவிர அவள் கண் கம்பியில்தான் இருந்தது. முதலில் தட்டைச் செருப்போடு நடந்தபோது வழுக்கி வழுக்கி விழப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, குதிகாலை அழுத்தி வைத்து நடந்தாள், கால் இறங்கியது. இறங்கி, அடியில் கெட்டியாக எதையோ தொட்டு நின்றது. கம்பியும் அதையேதான் சொன்னது. ஐந்து அங்குலம், டக். ஆறு அங்குலம், டக். ஆறரை, டக். எழுபத்தோரு குத்திலும் அந்த டக் கேட்டது. ஒரே ஒரு இடத்தில், வளைவுக்குப் பக்கத்தில், ஒன்பது அங்குலம் போய்க் கேட்டது. கையை விட்டுத் துழாவினாள். ஜல்லி! எந்தக் காலத்திலோ யாரோ ஒழுங்காக ஜல்லி போட்டு அமுக்கிய ரோடு, அதன் மேல் களிமண் வந்து படிந்திருக்கிறது. இத்தனை வருஷமாக அதன் மேல் நடந்துகொண்டு, அடியில் என்ன இருக்கிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. டேப்பக்காவுக்கு சந்தோஷத்தில் கை காலெல்லாம் சேறு என்பதே மறந்துவிட்டது.

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னாள். "என்னங்க, அடியில ஜல்லி! அரையடிதான் சேறு!"

வீட்டுக்காரர் கட்டிலில் படுத்தபடி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இருந்துட்டுப் போகட்டும். நான் குண்டு டயர்னு சொல்லிட்டேன். அப்புறம் உன் இஷ்டம்."

"ஏன் குண்டுன்னு சொல்றீங்க?"

"சொன்னா கேளேன். எல்லாத்துக்கும் ஏன், எதுக்கு!"

அவர் இப்படி எரிந்து விழுகிறவர் இல்லை. உடம்பு படுத்துகிற பாடு என்று அவள் நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டு பில் புத்தகத்தில் மூழ்கிவிட்டாள்.

மறுநாள் கடையில் டயர்க்காரர் பில் புத்தகத்தைப் பார்த்து மலைத்துப்போனார். எழுபத்தோரு எண்களையும் விரல் வைத்து வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, உள்ளதைச் சொல்லிடறேன். அடியே இல்லாத சதுப்புன்னா குண்டு டயர். மணல்னாலும் குண்டுதான். ஆனா அடியில கெட்டித் தரை இருந்தா ஒல்லி டயர்தான் சரி. அது சேத்தைக் கிழிச்சுக்கிட்டு இறங்கி ஜல்லியைப் புடிச்சுக்கும். குண்டு டயர் மேல் சேத்துலயே வழுக்கிக்கிட்டு நிக்கும்."

"இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

"யாரும் அடியில என்னன்னு பார்த்துட்டு வரமாட்டாங்களேக்கா. கெத்தா இருக்கணும்னுதான் வருவாங்க."

இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். 215/85 ஆர் 16. அகலம் பழைய டயரின் அதே அகலம். சுவரின் உயரம் கூடுதல், ரிம்மும் ஒரு இஞ்ச் பெரிசு. மொத்தத்தில் டயர் எழுபது மில்லிமீட்டர் உயரும். "அப்போ வண்டி எழுபது மில்லிமீட்டர் மேல போகுமா?" என்று கேட்டவள், டயர்க்காரர் பதில் சொல்வதற்குள் தானே தலையில் தட்டிக்கொண்டாள். "இல்ல இல்ல. அச்சு நடுவுலதானே இருக்கு? பாதிதான் ஏறும். முப்பத்தஞ்சு." ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல். போன வருஷம் அச்சின் நடுவில் இருக்கிற அந்தப் பல்சக்கரக் குண்டுதான் சேற்றில் உட்கார்ந்தது. ஒன்றேகால் அங்குலம் என்பது அதற்கு உயிர் மூச்சு. ரவிக்கையில் ஒன்றேகால் அங்குலம் என்றால் என்ன வித்தியாசம் என்று அவளுக்குத் தெரியாதா?

"மீட்டர் பொய் சொல்லும்" என்றார் ஜீப்புக்குள்ளிருந்து வீட்டுக்காரர், யாரும் கேட்காமலே. "சக்கரம் பெருசாச்சுன்னா ஒரு சுத்துக்கு அதிக தூரம் போகும். மீட்டர்ல அறுபதுன்னு காட்டினா அறுபத்தாறுல போறேன்னு அர்த்தம். தார் ரோட்டுல பார்த்து ஓட்டு."

டயர்க்காரர் வாயைப் பிளந்தார். "அண்ணே, மனக்கணக்காவே போட்டுட்டீங்க!"

டேப்பக்காவுக்கும் ஆச்சரியம்தான். இவ்வளவு தெரிந்த மனுஷன் குண்டு டயரை ஏன் பிடித்துக்கொண்டு தொங்கினார்? கேட்க வேண்டும் என்று ஒரு நொடி தோன்றியது. அதற்குள் ரிம் வந்துவிட்டது, பின்னால் மாட்டும் உபரிச் சக்கரத்தோடு சேர்த்து ஐந்து, அதைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டாள்.

மாட்டுவதற்கு முன்னால் டேப்பை விட்டு, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் கிடைக்கும் என்று அளந்தாள். தாராளமாக இருந்தது. "மாட்டுங்க தம்பி!" என்று கெத்தாகச் சொன்னாள். மாட்டினார்கள். அவள் வண்டியை எடுத்து, கடை வாசலில் ஒடித்துத் திருப்பினாள். கிர்ர்ர் என்று ஒரு சத்தம்! தெருவே திரும்பிப் பார்த்தது. அவளுக்கு மானம் போனது.

"அடச்சே! நிக்க வச்சே அளவெடுத்துட்டேன்" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். "புதுசா தைக்க வந்தவகூட கையைத் தூக்குங்க, உக்காருங்கன்னு சொல்லிப் பார்ப்பா. ஆளை நிக்க வச்சு மட்டும் அளவெடுத்தா உக்காரும்போது கிழியாம என்ன பண்ணும்?"

பிறகு என்ன, ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பிவைத்தாள். டயர்க்காரரையும் பக்கத்து மெக்கானிக்கையும் முன் பம்பரில் ஏறி நிற்கச் சொன்னாள். இரண்டு பேரும் நல்ல கனம். வண்டி அமுங்கியது. அவள் கீழே படுத்து, எங்கே உரசுகிறது என்று சாக்பீஸால் குறித்தாள். "குதிங்க! இன்னும் நல்லா குதிங்க!" ரெண்டு பெரிய மனுஷர்கள் பட்டப்பகலில் பம்பரில் நின்று குதித்தார்கள். குறித்த இடத்தில் மட்கார்டின் உள் விளிம்பைச் சுத்தியலால் மடக்கினார்கள். சக்கரம் திரும்பும் அளவை ஒரு போல்ட்டில் கொஞ்சம் குறைத்தார்கள். அதன் பிறகு எப்படி ஒடித்தாலும் சத்தம் இல்லை.

டயர் மாட்டிய ஒன்பதாம் நாள் ராத்திரி மழை வந்தது. சும்மா சொல்லக்கூடாது, வானத்தைப் பொத்துக்கொண்டு கொட்டியது. விடிந்ததும் மகனிடமிருந்து போன். "இன்னைக்கு ஆஸ்பத்திரி இல்லல்ல? நான் முனையில நிக்கறேன். வாங்க."

வீட்டுக்காரர் முன் சீட்டில் ஏறி, மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது. "பயப்படாதீங்க, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவள் நாலு சக்கர இழுப்பைப் போட்டாள். வண்டி சேற்றில் இறங்கியது.

அந்த முதல் நூறு அடி இருக்கிறதே! சக்கரம் இறங்குவது அவளுக்கு சீட்டு வழியாகவே தெரிந்தது. இறங்கியது, இறங்கியது, கறகறவென்று ஜல்லியைத் தொட்டது. தொட்டதும் வண்டி ஜம்மென்று நிமிர்ந்து நடந்தது. "புடிச்சுக்கிச்சு! கேட்டுச்சா உங்களுக்கு? புடிச்சுக்கிச்சுங்க!" என்று அவள் கத்தினாள். அவர் கைப்பிடியை இன்னும் இறுக்கினார்.

வளைவு வந்தது. அந்த ஒன்பது அங்குல இடம். முன் சக்கரங்கள் திரும்பியும் வண்டி நேராகவே போகப் பார்த்தது. ரோட்டோரப் பள்ளம் நெருங்கி வந்தது. டேப்பக்காவின் கால் தானாக ஆக்சிலேட்டரிலிருந்து எழுந்தது.

"காலை எடுக்காதே!" அவர் குரல் லாரி ஓட்டிய காலத்துக் குரலாக வந்தது. "அப்படியே வை. ஸ்டீயரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டு. வேகமா. டயரோட ஓரப் பல்லு புடிக்கும். ஆட்டு! ஆட்டு!"

ஆட்டினாள். இடது, வலது, இடது, வலது. எங்கோ ஓரிடத்தில் பல் ஜல்லியைக் கவ்வியது. வண்டி ஒரு உலுக்கு உலுக்கி வளைவைத் தாண்டியது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. ஆறு நிமிஷத்தில் தார் ரோட்டு முனை.

மகன் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினான். "அம்மா, நீ ஜெயிச்சுட்டே. நான் வாயே திறக்கல."

டேப்பக்கா குதித்து இறங்கினாள். முதலில் செய்தது என்ன தெரியுமா? டேப்பை எடுத்து, டயரில் சேறு ஏறிய உயரத்தை அளந்தாள். "பாருடா, ஒன்பது அங்குலம்! நான் எழுதி வச்ச கணக்கு அப்படியே இருக்கு!" சின்னப் பிள்ளை மாதிரி நாலு சக்கரத்தையும் சுற்றிச் சுற்றி வந்தாள். சுற்றிவந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

அவர் இறங்கவில்லை. கை கைப்பிடியை விடவில்லை. விரல் முட்டியெல்லாம் வெள்ளையாக இருந்தது.

"என்னங்க, வந்துட்டோம். விடுங்க கையை."

"ஒல்லி டயர்தான் சரின்னு எனக்கு முன்னாடியே தெரியும்" என்றார் அவர், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "அடியில ஜல்லி இருக்கறதும் தெரியும். லாரியில எத்தனை தடவை வந்திருப்பேன்."

அவளுக்குப் புரியவில்லை. "தெரிஞ்சுமா குண்டு டயர் குண்டு டயர்னு நின்னீங்க?"

"வழுக்கும்ல. மாட்டிக்கும்ல. மாட்டிக்கிட்டா கிளம்பிடலாம்ல." அவர் குரல் உடைந்தது. "எனக்கு பயமா இருக்கு டேப்பு. ராத்திரி மழை சத்தம் கேட்டா தூக்கம் வரல. போன வருஷம் அந்த சீட்டுல உக்காந்து மூச்சு வாங்கினப்ப, இங்கேயே போயிடுவேன், நீ தனியா சேத்துல நின்னுக்கிட்டு கத்துவேன்னு நினைச்சேன். டெய்லி அதையேதான் நினைக்கறேன். நீ இவ்வளவு ஆசையா அளந்துக்கிட்டு இருந்தே. எப்படிச் சொல்றது?"

"அப்புறம் எதுக்கு வளைவுல சொல்லிக்கொடுத்தீங்க? பேசாம இருந்திருந்தா மாட்டியிருக்குமே."

"நீ பயந்துட்டே" என்றார். "அதான்."

டேப்பக்கா அப்படியே நின்றாள். டயர்க்காரரை எத்தனை கேள்வி கேட்டாள்! அந்த ரோட்டையே எழுபத்தோரு தடவை குத்திக் கேட்டாள். இத்தனை வருஷமாக ஒரே கட்டிலில் பக்கத்தில் படுக்கிற மனுஷனிடம் மட்டும், உங்களுக்கு எங்கே இருக்க ஆசை என்று ஒரு தடவை கேட்கவில்லை. கேட்கவே தோன்றவில்லை. தன் மேலேயே அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது.

மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கைப்பிடியிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். "இப்ப கேக்கறேன். உங்களுக்கு எங்க இருக்கணும்?"

அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் சொன்னார். "ஆஸ்பத்திரி பக்கத்துல."

மகன் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "என்னம்மா? அதான் ஜெயிச்சாச்சே. வீட்டுக்குத் திரும்பிப் போகலாம்ல?"

டேப்பக்கா அவன் பக்கம் திரும்பினாள். கண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

"ஏண்டா, மெஷின் போடறதுக்கு உன் வீட்டுல பகல் வெளிச்சம் எந்த ரூம்ல நல்லா விழும்?"